டெக்கில் துளை போடும் முன் இதைப் படியுங்கள்

பாய்மரப் படகின் டெக்கில், அதாவது மேல்தளத்தில், கயிற்றைக் கட்டும் கிளீட், கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் ஆகியவற்றைப் பொருத்தும்போது எல்லோருக்கும் ஒரே பயம்தான்: கயிறு இழுக்கிற இழுப்பில் பிய்த்துக்கொண்டு வந்துவிடுமோ? அதைவிடப் பெரிய எதிரி, போல்ட் ஓட்டை வழியே சத்தமில்லாமல் இறங்கும் தண்ணீர்.

1977-இல் அமெரிக்காவில் தயாரிப்புக்கு வந்த ஜே/24 படகை எடுத்துக்கொள்வோம். அதன் டெக், இரண்டு மெல்லிய ஃபைபர் கிளாஸ் தகடுகளுக்கு நடுவே பால்சா மரம் வைத்துச் செய்தது. எடை குறைவு, விறைப்பு அதிகம். ஆனால் உள்ளே ஈரம் புகுந்தால் பால்சா ஊறி அழுகிவிடும். வெளியே பளபளவென்று இருக்கும். கால் வைத்தால் மெத்தென்று அமுங்கும், தட்டினால் மொத்தென்று கேட்கும். அதற்குள் காரியம் கைமீறியிருக்கும்.

ஆகவே, துளை போட்ட கையோடு போல்ட்டைச் செருகுவதுதான் முதல் தவறு. 6 மி.மீ. போல்ட் என்றால், மேல் தகட்டையும் பால்சாவையும் மட்டும் 12 மி.மீ. அளவுக்குத் துளையுங்கள், கீழ்த் தகட்டைத் தொட வேண்டாம். வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டிச் சுற்றினால் ஓரத்துப் பால்சா இன்னும் கொஞ்சம் உதிரும். உள்சுவரில் வெறும் எபாக்ஸியை (கலந்ததும் கல்லாக இறுகும் பிசின்) தடவிவிட்டு, சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியால் குழியை நிரப்புங்கள். இறுகிய பிறகு அதன் நடுவே 6 மி.மீ. துளை. இனி தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. நட்டை இறுக்கும்போது பால்சா நசுங்கவும் செய்யாது. அரை மணி நேர வேலை இரண்டு நாள் ஆகும்தான். அழுகிய டெக்கை அறுத்து மாற்றுவதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

இழுவிசை தாங்க வேண்டிய எதையும் வெறும் ஸ்க்ரூவில் நிறுத்தாதீர்கள். அது பிடிப்பது மெல்லிய மேல் தகட்டை மட்டும்தான். போல்ட் கீழ்வரை போக வேண்டும். அங்கே சின்ன வாஷர் போதாது, மூலைகளை உருட்டிய கண்ணாடியிழை எபாக்ஸி பலகை ஒன்று வேண்டும். அலுமினியத் தகடும் தாங்கும்தான்; ஆனால் உப்பு ஈரத்தில் ஸ்டெயின்லெஸ் நட்டோடு சேர்ந்தால் அரிக்கும்.

அப்புறம் சீலன்ட், அதாவது கசிவை அடைக்கும் பூச்சு. கடையில் கைக்குக் கிடைத்த சிலிக்கானைப் பூசுகிறவர்கள் ஏராளம். அது விட்டுப்போகும் பிசுக்கின் மேல் பிறகு எதுவும் ஒட்டாது, பெயின்ட்கூட. 3எம் 5200 போன்ற பாலியூரிதேன் பசை நேர்மாறு: கழற்றும்போது டெக்கின் பளபளப்பான மேல்பூச்சான ஜெல்கோட்டையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். கிளீட்டுக்கு நான் சொல்வது பியூட்டைல் டேப், ரப்பர் போல மெத்தென்று ஒட்டும் நாடா. துளையின் மேல்வாயைக் கொஞ்சம் சரிவாகச் சீவி, போல்ட் தலைக்கடியில் டேப்பை வளையமாகச் சுற்றுங்கள். ஒரேயடியாக இறுக்காமல், சில நாள் விட்டுவிட்டு இறுக்குங்கள். பெட்ரோல் ஊற்றும் மூடிப் பக்கம் மட்டும் இது வேண்டாம், கரைந்துவிடும்.

இறுக்கும்போது மேலே ஒருவர் போல்ட்டை அசையாமல் பிடிக்க, கீழே ஒருவர் நட்டைத் திருக வேண்டும். போல்ட் சுழன்றால் சீல் அறுந்துபோகும். உப்புத் தண்ணீருக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட் வேண்டாம், 316 ரகம் வாங்குங்கள். மரையில் துளி மசகு வைத்துக் கையால் திருகுங்கள். மெஷினில் வேகமாகத் திருகினால் நட் பாதியிலேயே இறுகிச் சிக்கிக்கொள்ளும், பிறகு போல்ட்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.