கம்யூனிட்டி காலேஜில் நர்சிங்: விண்ணப்பம் இரண்டு, செலவும் இரண்டு வகை

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரியில், சேர்வது சுலபம், ஆனால் நர்சிங்குக்கு உள்ளேயே தனியாக இன்னொரு விண்ணப்பம் போட வேண்டும், போட்டி அங்கேதான். பெரும்பாலான இடங்களில் அனாடமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி எல்லாம் முடித்திருக்க வேண்டும், பல காலேஜ்களில் டீஸ் (TEAS) என்ற நர்சிங் நுழைவுத் தேர்வும் உண்டு. இந்தப் பாடங்களில் வாங்கும் கிரேடுதான் உங்களை உள்ளே கொண்டுபோகும், அதனால் வேலைக்கும் போய்க்கொண்டு ஒரே செமஸ்டரில் இரண்டு லேப் பாடம் எடுக்காதீர்கள், தயவுசெய்து.

சரி, பணம். முதலில் ஃபாஃப்சா (FAFSA), அதாவது மத்திய அரசின் கல்வி உதவிப் பணத்துக்கான படிவம், அது முழுக்க இலவசம், காசு கேட்கும் தளத்தை உடனே மூடிவிடுங்கள். கிரீன் கார்டு இருந்தால் போடலாம், ஹெச்-4 விசாவுக்கு (ஹெச்-1பி போன்ற வேலை விசாக்காரரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் தருவது) அந்த உதவி இல்லை. அந்தப் படிவம் வழியாகக் கிடைக்கும், திருப்பிக் கட்ட வேண்டாத பெல் கிராண்ட் 2025-26இல் அதிகபட்சம் 7,395 டாலர். ஆனால் ஊரில் பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு அது கிடையாது, வெளிநாட்டுப் பட்டமும் கணக்கில் வரும், படிவத்தில் மறைக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் யூனிட்டுக்கு (பாடத்தின் கிரெடிட் அளவு) 46 டாலர்தான், வருமானம் குறைவென்றால் காலேஜ் பிராமிஸ் கிராண்ட் அதையும் தள்ளுபடி செய்யும், ஏற்கெனவே டிகிரி இருந்தாலும் கேட்கலாம்.

அப்புறம் யூனிஃபார்ம், ஷூ, ஸ்டெதஸ்கோப், தடுப்பூசிக்கான ரத்தப் பரிசோதனை, பின்னணிச் சரிபார்ப்பு இதெல்லாம் பெரும்பாலும் கட்டணத்தில் சேராது, முதல் கிளினிக்கலுக்கு (மருத்துவமனைப் பயிற்சி) முன்பே வரிசையாக வந்து நிற்கும், அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.