ஒரே ஆட்டத்தோடு முடிந்த பேஸ்பால் பதிவை வாசிப்பது எப்படி?

அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீகில் ஒரேயொரு ஆட்டம் ஆடியவரின் பதிவு ஒரே வரியில் அடங்கிவிடும். அதை எப்படி வாசிப்பது என்பதற்கு ஜான் பச்சோரெக்கின் வரியை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 1963 செப்டம்பர் 29 அன்று, பருவத்தின் கடைசி ஆட்டத்தில், 18 வயதேயான அவர் ஹூஸ்டன் அணிக்காக நியூயார்க் மெட்ஸுக்கு எதிராக ரைட் ஃபீல்டில், அதாவது மைதானத்தின் வலப்புற வெளிப்பகுதியில், ஆடினார்.

கண் முதலில் சராசரியின் மீதுதான் விழும், அங்கே 1.000 என்று இருக்கும். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கிரிக்கெட்டைப் போல ஓட்டங்களை வைத்து இந்தச் சராசரியைக் கணக்கிடுவதில்லை. ஹிட்டுகளை (பந்தை அடித்து, ஓடி அடைய வேண்டிய முனையான பேஸைப் பத்திரமாக எட்டிய முறைகள்) அட்-பேட்டுகளால் (சராசரிக் கணக்கில் சேரும் மட்டை வாய்ப்புகள்) வகுத்துக் கிடைப்பதே இது என்பதால், ஒரு சில வாய்ப்புகளே பெற்றவரிடம் இந்த எண் எளிதில் ஏமாற்றும்.

எனவே, மட்டையுடன் எத்தனை முறை வந்தார் என்பதிலிருந்து தொடங்குங்கள். பச்சோரெக் ஐந்து முறை வந்தார். அவற்றில் இரண்டு வாக். பந்து வீசும் பிட்சர் நான்கு தவறான பந்துகளை வீசியதால் முதல் பேஸுக்குச் செல்லக் கிடைத்த அனுமதி அது என்பதால், அட்-பேட் கணக்கில் சேராது. மீதி மூன்றும் ஹிட். ஆக, ஐந்து முறையும் அவர் அவுட் ஆகவே இல்லை. அந்த மூன்று ஹிட்டுகளில் ஒன்று அவுட் ஆகியிருந்தாலும் சராசரி .667 ஆகியிருக்கும்.

அடுத்து ஸ்லக்கிங் எண்ணைப் பாருங்கள்; ஹிட்டுகளால் கிடைத்த மொத்த பேஸ்களை அட்-பேட்டுகளால் வகுத்துக் கிடைப்பது அது. அதுவும் 1.000 என்றால், மூன்று அட்-பேட்டுக்கு மூன்று பேஸ், அதாவது மூன்றும் சிங்கிள் (ஒரு பேஸ் மட்டும் தரும் ஹிட்). ஒன்று இரண்டு பேஸ் தரும் டபிளாக இருந்திருந்தால் 1.333 வந்திருக்கும். சிங்கிள்களாலேயே மூன்று ஓட்டங்கள் வர வழிசெய்து, தானும் நான்கு ஓட்டங்கள் எடுத்திருக்கிறார் என்றால், அவருக்கு முன்னும் பின்னும் ஆடியவர்களும் நன்றாக அடித்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். ஹூஸ்டன் 13–4 என வென்றது. எதிரணியின் நிலையையும் மறக்க வேண்டாம்: மெட்ஸ் அந்தப் பருவத்தில் 111 ஆட்டங்களைத் தோற்ற அணி. அதற்காக அந்த ஐந்து முறைகளைக் குறைத்து மதிப்பிட நான் தயாராக இல்லை. இரண்டுக்கு மேல் அட்-பேட் உள்ளவர்களில் 1.000 சராசரி வைத்திருப்பவர் அவர் ஒருவரே.

ஏன் இரண்டாவது வரி இல்லை என்பதற்கு விடை மைனர் லீக் பக்கத்தில்தான் கிடைக்கும் என்பதால், அதைத் திறக்காமல் வாசிப்பை முடிக்காதீர்கள். முதுகு வலியால் 1964-இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், 1969 வரை கீழ்நிலை அணிகளில் முயன்றும் மேலே திரும்ப முடியவில்லை. பின்னர் கலிஃபோர்னியாவில் உடற்பயிற்சி ஆசிரியரானார். அதே குடும்பப் பெயரில் பட்டியலில் தென்படும் நீண்ட பதிவு அவருடையதன்று; 1970 முதல் 1987 வரை ஆடிய தம்பி டாமுடையது.