ஃபோர்ட்ரானில் மதிப்பு இடப்படாத அவுட் ஆர்குமென்ட்டைக் கண்டுபிடிப்பது எப்படி

தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம்–ஆழியாறு உடன்பாட்டின்படி, கேரளத்தில் எங்கள் சித்தூர்ப் பக்கத்துக்கு மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. (நூறு கோடி கனஅடி ஒரு டி.எம்.சி.) தண்ணீர் அளந்து விடப்பட வேண்டும். வினாடிக்கு 11,574 கனஅடி வீதம் நாள் முழுவதும் ஓடினால்தான் ஏறத்தாழ ஒரு டி.எம்.சி. ஆகும். அன்றாடக் கனஅடியை டி.எம்.சி.யாக மாற்றிக் கூட்டும் ஒரு சிறு நிரலை ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் நான் எழுதியிருந்தேன். அளவு கிடைக்காத நாளிலும் அது முந்தைய நாளின் எண்ணையே சேர்த்துக்கொண்டு போனது.

காரணம் எளியது: அந்த நாளில், டி.எம்.சி.யைத் திருப்பித் தரும் ஆர்குமென்ட்டுக்கு மதிப்பே இடப்படவில்லை. இன்டென்ட் அவுட் (வெளியே மதிப்புத் தர மட்டும்) என்று அறிவிக்கப்பட்ட ஆர்குமென்ட், சப்ரூட்டினுக்குள் (துணைநிரலுக்குள்) நுழையும்போதே மதிப்பற்றதாகிவிடுகிறது என்பது விதி. ஆனால் அதைத் துடைத்துவிட வேண்டும் என்ற கட்டாயம் கம்பைலருக்கு (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளுக்கு) இல்லாததால், பழைய எண் அங்கேயே கிடக்கக்கூடும். சி ஷார்ப் என்ற நிரல்மொழியில் இதே தவறு செய்தால் நிரல் கம்பைல் ஆகாது.

ஜிஃபோர்ட்ரான் என்ற ஃபோர்ட்ரான் கம்பைலரில் முதலில் 'டபிள்யூ ஆல்' (-Wall) தேர்வைச் சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள். எந்த வரியிலும் மதிப்பு இடப்படாத அவுட் ஆர்குமென்ட் இருந்தால், அதன் பெயரைச் சொல்லி எச்சரிக்கை வரும். உறுப்புகளுக்குத் தொடக்க மதிப்புடன் நாமே அறிவித்த டைப்புக்கு (தரவு வகைக்கு) வராது, அது சரியே. எச்சரிக்கையைப் பிழையாகவே ஆக்க, 'டபிள்யூ எரர்' தேர்வுக்குச் சமக்குறியிட்டு 'அன்யூஸ்டு டம்மி ஆர்குமென்ட்' என்று எழுதுங்கள் (-Werror=unused-dummy-argument).

என் நிரலுக்கு இந்த எச்சரிக்கை வரவில்லை. அளவு கிடைக்காத நாளுக்காக 'கனஅடி சுழியத்துக்குக் குறைவானால் திரும்பு' என்று ஒரு வரி, அதன்கீழ், டி.எம்.சி.க்கு மதிப்பிடும் வரி. ஏதாவது ஒரு கிளையில் மதிப்பு இடப்பட்டாலே கம்பைலர் நிறைவடைந்துவிடுகிறது. எல்லாக் கிளைகளையும் அது தொடர்ந்து பார்ப்பதில்லை. ஆகவே, சப்ரூட்டினின் முதல் செயல்வரியிலேயே ஒவ்வொரு அவுட் ஆர்குமென்ட்டுக்கும் மதிப்பு இட்டுவிடுங்கள்.

எந்த மதிப்பை இடுவது என்பதில்தான் மிகுந்த கவனம் தேவை. எச்சரிக்கையை அடக்குவதற்காகச் சுழியத்தை வைத்தால், ஆறு வறண்ட நாளும் அளவு வராத நாளும் ஒன்றாகிவிடும். நான் மைனஸ் ஒன்றை வைத்து, 'அளவு உண்டா' என்ற லாஜிக்கல் (உண்மை அல்லது பொய் மட்டும் ஏற்கும்) ஆர்குமென்ட் ஒன்றையும் சேர்த்தேன். அது உண்மையாக இருந்தால் மட்டுமே கூட்டல் நடக்கும். இன்டென்ட் இன்அவுட் (உள்ளே பெறவும் வெளியே தரவும்) என்று மாற்றி எச்சரிக்கையிலிருந்து தப்பிக்கவும் கூடாது. அப்படிச் செய்தால் பழைய எண்ணைப் படிப்பது முறையான செயலாகிவிடும்.

மாற்றிய பிறகு, நடுவில் இரண்டு நாள் அளவு இல்லாத பத்து நாள் கோப்பு ஒன்றைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். கூட்டலில் எட்டு நாள் மட்டுமே சேர்ந்திருக்க வேண்டும்.