எழுபதில் வெட்டுகிற காரைத் திருத்துவது

யாழ்ப்பாணத்துக்குள் ஓடும்வரை என் பழைய ரொயோற்றா விற்ஸ் காரில் ஒரு குறையும் தெரியவில்லை. கொக்குவிலிலிருந்து திருநெல்வேலிச் சந்தைக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் முப்பது நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் நன்றாகத்தான் ஓடியது. அம்மாவைப் பின் கதிரையில் இருத்திக்கொண்டு கொழும்புக்கு வெளிக்கிட்ட நாளில்தான் அதன் குணம் தெரிந்தது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, மாங்குளம் போகும் நேரான ஏ9 வீதியில் எழுபதைப் பிடித்தேன். விரலை அசைத்தால் போதும், கார் வெட்டியது. வலப்பக்கம் போனதைத் திருத்தினால் இடப்பக்கம் அளவுக்கு மிஞ்சிப் போனது. "மெல்லப் போ ராசா" என்று அம்மா நாலைந்து தரம் சொல்லிவிட்டா. வவுனியாவில் இறங்கும்போது எனக்குத் தோள்மூட்டு இரண்டும் இறுகிப்போயிருந்தன.

அதைச் சரிப்படுத்த ஆறு வாரம் எடுத்தது. அதில் மூன்று வாரம், எடுத்த எடுப்பிலேயே ஸ்ரியறிங்கைச் சந்தேகப்பட்டதால் வீணாகப் போனது. ஸ்ரியறிங்கில் தெரிகிற வருத்தத்தை ரயரிலிருந்து தேடிக்கொண்டு மேலே வர வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு அதே வீதியில், அதே வேகத்தில் ஓடிப் பாருங்கள். இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

வேகத்தில் மட்டும் ஏன் இப்படி? எழுபதில் கார் ஒரு செக்கனுக்குப் பத்தொன்பது மீற்றர் போகிறது. மூக்கு ஒரு பாகை விலகினால் ஒரு செக்கனில் 34 சென்ரிமீற்றர், அதாவது ஓர் அடிக்கு மேல், பக்கவாட்டில் போயிருக்கும். முப்பத்தைந்தில் அது பாதிதான். ஊருக்குள் மறைந்திருக்கிற சின்னப் பிழை ஏ9 இல் வெளியே வருவது இதனால்தான்.

முதலில் உங்கள் கார் உண்மையில் வெட்டுகிறதா, ஸ்ரியறிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினைப் போட்டு, சில்லு நேராக நிற்க, ஸ்ரியறிங்கை மெதுவாக இப்படி அப்படி அசையுங்கள். இன்னொருவர் வெளியே நின்று முன் சில்லைப் பார்க்கட்டும். சில்லு அசையாமல் ஸ்ரியறிங் மட்டும் 30 மில்லிமீற்றருக்கு மேல் சும்மா ஆடினால் எங்கோ தேய்வு இருக்கிறது. ஆட்டம் உள்ள காரும் வீதியில் வெட்டுவது போலத்தான் இருக்கும், ஏனென்றால் அந்த ஆட்டத்தைத் தாண்டுவதற்காக நாங்கள் கூடுதலாகத் திருப்புகிறோம். நான் ஓடப் பழகியது மாமாவின் ஒஸ்ரின் ஏ40 இல். அதில் இரண்டு விரற்கடை ஆட்டம் எப்போதும் இருந்தது, கை ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். அந்தக் கையோடு, பல்லுச் சட்டத்தால் சில்லை உடனே திருப்புகிற ராக் ஸ்ரியறிங் உள்ள காருக்குள் ஏறினால் நல்ல காரும் வெட்டும். பழைய கார் ஓடியவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ரயர். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். ஜப்பான் கார்களில் அது கிலோபாஸ்கலில் இருக்கும். 230 என்று போட்டிருந்தால் 33 பிஎஸ்ஐ. காற்று அடிக்கிற இடத்தில் "எவ்வளவு அண்ணை?" என்று கேட்டால் நாங்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறோம். நான் சொந்தமாக ஒரு மானி வாங்கி, விடியப்புறம் கார் ஓடுவதற்கு முன்னர் அளந்தேன். முன்னுக்கு 38, பின்னுக்கு 26. அதுவே பாதிக் காரணம். முன் ரயர் இறுகி உடனே பிடிக்கிறது, பின் ரயர் நெகிழ்ந்து பிந்தி வருகிறது, வால் ஆடுகிறது. அட்டையில் உள்ள அளவுக்குக் கொண்டுவந்ததும் கார் பாதி அமைதியானது.

ரயரின் அகலத்தையும் பாருங்கள். எனக்கு முன் வைத்திருந்தவர் 165/70 14 அங்குல ரயரைக் கழற்றிவிட்டு 195/50 15 அங்குலம் போட்டிருந்தார் (முதல் எண் மில்லிமீற்றரில் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை வீதம் என்பது). பக்கச் சுவர் கட்டையாக இருப்பதால் கையின் சின்ன அசைவும் நேராக வீதிக்குப் போகும். அகல ரயர் லொறிகள் தோண்டிய தடத்தையும் பிடித்துக்கொண்டு ஓடும். நான் பழைய அளவுக்கே திரும்பினேன். பார்க்க அழகு குறைவுதான், ஆனால் எனக்கு அம்மா நிம்மதியாக இருந்து வருவது முக்கியம்.

பொதியும் ஒரு காரணம். டிக்கியில் மாம்பழப் பெட்டி, ஒடியல் மா, இரண்டு மூட்டை அரிசி என்று ஏற்றினால் பின்புறம் தாழ்ந்து முன் சில்லுகளில் பாரம் குறையும். ஸ்ரியறிங் பஞ்சு போலாகிவிடும். பாரமானதைப் பின் கதிரைக்குக் கீழேயும் முன்னுக்கும் வையுங்கள்.

அடுத்தது புஷ் என்கிற றப்பர் உருளைகளும் மூட்டுகளும். காரை ஜக்கில் தூக்கி, கட்டாயம் ஸ்ராண்ட் வைத்து, முன் சில்லை மூன்று மணி ஒன்பது மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். கடக் என்று வந்தால், ஸ்ரியறிங்கைச் சில்லோடு இணைக்கிற ரை ரொட் போயிருக்கலாம். பன்னிரண்டு ஆறு மணியில் பிடித்து ஆட்டும்போது வந்தால் போல் ஜொயின்ற் என்கிற குண்டு மூட்டு அல்லது பெயரிங். அப்படி இருக்கிற காரை வேகமாக ஓடவே வேண்டாம், முதலில் மாற்றுங்கள். பிறகு சில்லைக் கீழே காரோடு பிடித்து வைத்திருக்கிற லோவர் ஆமின் பின்பக்கப் புஷ்ஷை லைற் அடித்துப் பாருங்கள். என் காரில் றப்பர் அரைவட்டமாகக் கிழிந்து, கம்பியால் நெம்பினால் ஆம் முழுவதும் முன்பின்னாக நகர்ந்தது. ஆம் நகர்ந்தால் சில்லின் காஸ்ரர் கோணம் மாறும். நேரே ஓட வைப்பதும், திருப்பிய ஸ்ரியறிங்கைத் தானாக நடுவுக்குக் கொண்டுவருவதும் அந்தக் கோணம்தான். நான் புஷ் மாற்றாமலே முதலில், சில்லுகளின் கோணத்தை நேர்ப்படுத்துகிற அலைன்மென்றுக்கு ஓடியிருந்தேன். கராஜில் ஒரு வயதான ஐயா சொன்னார்: "புஷ் கிழிஞ்ச காருக்கு அலைன்மென்ற் எடுக்கிறது, ஆடுற கதிரையில இருந்து படம் கீறுற மாதிரி ராசா."

இனி அலைன்மென்ற். நான் முதலில் போன இடத்தில் அச்சடித்த தாள் தரவில்லை, "எல்லாம் சரி" என்று வாயால் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து நானே அளந்தேன். சமமான சீமெந்துத் தரையில் ஸ்ரியறிங்கை நேராக வைத்து, காரை இரண்டு மீற்றர் முன்னே தள்ளி நிறுத்துங்கள். முன் ரயர் இரண்டின் முன்பக்கத்திலும், காருக்குக் கீழால் அளவு நாடா நேராகப் போகும் உயரத்தில், ஒரே தவாளிப்பில் சோக்கால் ஒரு புள்ளி போடுங்கள். இரண்டு புள்ளிக்கும் இடைத்தூரத்தை எழுதுங்கள். பிறகு அந்தப் புள்ளிகள் சில்லின் பின்பக்கம் அதே உயரத்துக்கு வரும்வரை காரை முன்னே தள்ளி மறுபடி அளவுங்கள். முன்தூரம் குறைவென்றால் ரோ-இன், கூடவென்றால் ரோ-அவுட். எனக்கு முன்னால் 3 மில்லிமீற்றர் கூட. இரண்டு சில்லும் வெளியே பார்த்து நின்றால், ஒன்றையொன்று இழுத்துக்கொண்டுதான் நேரே ஓடும். ஒரு பள்ளமோ காற்றோ ஒன்றின் பிடியைக் குறைத்த கணத்தில் மற்றது காரைத் தன் பக்கம் இழுத்துவிடும். நான் அனுபவித்த வெட்டு அதுதான்.

பெரும்பாலான சின்னக் கார்களுக்குப் பூச்சியத்திலிருந்து 2 மில்லிமீற்றர் ரோ-இன் வரை சரியாக வரும், உங்கள் காரின் அளவே முடிவு. ரை ரொட்டின் நீளத்தைப் பூட்டி வைக்கிற லொக் நட்டைத் தளர்த்த முன்னர் வெள்ளை மையால் ஒரு கோடு போடுங்கள். றப்பர் உறையின் சின்னக் கிளிப்பையும் கழற்றுங்கள், இல்லையென்றால் உறை முறுகிக் கிழியும். இரண்டு பக்கமும் ஒரே அளவு, கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி அளவுங்கள். அளவு சரியானதும் லொக் நட்டை இறுக்கி, புதிதாக ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். ராக் முன் அச்சுக்குப் பின்னால் உள்ள காரில் ரொட் நீண்டால் ரோ-இன் கூடும். பிறகு நல்ல மெசினில் நான்கு சில்லுக்கும் அளவெடுத்துத் தாளைக் கேட்டு வாங்குங்கள். பின் அச்சு வளைந்திருந்தால் அதில்தான் தெரியும்.

சின்ன ஸ்போட்ஸ் ஸ்ரியறிங் போட்டவர்கள் பழையதையே பூட்டுங்கள். 37 சென்ரிமீற்றருக்குப் பதில் 33 என்றால் கையின் அதே அசைவுக்கு 12 வீதம் கூடுதலாகத் திரும்பும், எயார் பாக்கும் போய்விடும். கழற்றுவதை அது தெரிந்தவரிடம் விடுங்கள்.

இவ்வளவும் சரியாகியும் எழுபதில் ஸ்ரியறிங் காரை நிறுத்தி எடுக்கும்போது இருக்கிற அளவுக்கு லேசாக இருந்தால்தான் மின் பவர் ஸ்ரியறிங்கைச் சந்தேகப்படலாம். வேகம் கூடக் கூட அதன் உதவி குறைய வேண்டும். வேகத் தகவல் அதற்குச் சரியாகப் போகாவிட்டால் சில கார்களில் குறையாமல் இருக்கலாம். ஸ்கானர் போட்டு, வேகம் சரியாகக் காட்டுகிறதா, பிழைக் குறி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு அந்த வேலை வரவில்லை.

ஓடிப் பார்க்க ஆனையிறவைத் தெரிவுசெய்யாதீர்கள். சோளகக் காற்றுக் காலத்தில் அந்த வெளியில் நல்ல காரும் தள்ளாடும். காற்றில்லாத விடியற்காலையில், மாங்குளத்துக்குக் கிட்ட, இரண்டு பக்கமும் மரம் நிற்கிற நேர்த்துண்டு நல்லது. எழுபதுக்கு மேல் போக வேண்டாம், சட்டமும் அவ்வளவுதான். ஒருமுறை வவுனியா போய் வந்த பிறகு காருக்குக் கீழே எட்டிப் பாருங்கள். லொக் நட்டில் போட்ட வெள்ளைக் கோடு இறுக்கிய இடத்திலேயே நிற்க வேண்டும். கொஞ்சம் விலகியிருந்தாலும் மறுபடி அளந்து இறுக்குங்கள்.