ஐரோப்பிய ரயில்கள்: எந்த வண்டிக்கு, எப்போது சீட் ரிசர்வ் செய்யலாம்?

நம் ஊரில் டிக்கெட் உறுதியானால் பெட்டி எண், சீட் எண் எல்லாம் கையோடு வந்துவிடும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் டிக்கெட் தனி, சீட் தனி. வெறும் டிக்கெட் உள்ளவர் காலியான சீட்டில் உட்காரலாம், இல்லையென்றால் நின்றுகொண்டு போகலாம். எனவே "எத்தனை நாள் முன்னால் பதிவு செய்வது" என்பதை அப்புறம் பார்ப்போம். சீட் இல்லாமல் இந்த வண்டியில் ஏற விடுவார்களா? அதுதான் முதல் கேள்வி.

1. வண்டிகளைப் பிரியுங்கள்

பிரான்ஸின் டிஜிவி, ஸ்பெயினின் ஆவே, இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸா, லண்டனிலிருந்து பாரிஸ் போகும் யூரோஸ்டார் போன்ற அதிவேக வண்டிகள், நைட்ஜெட் போன்ற இரவு வண்டிகள்: இவற்றில் சீட் கட்டாயம். தனி டிக்கெட் வாங்கினால் சீட்டும் அதிலேயே சேர்ந்து வரும். யூரெயில், இன்டர்ரெயில் பாஸ்காரர்கள் (ஒரே பாஸில் பல நாட்டு ரயில்களில் போகிறவர்கள்)தான் அதற்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். ஜெர்மனியின் ஐசிஇ, ஆஸ்திரியாவின் ரெயில்ஜெட் ஆகிய அதிவேக வண்டிகளில் சீட் எடுப்பது பெரும்பாலும் உங்கள் விருப்பம். உள்ளூர் வண்டிகளுக்குப் பொதுவாக ரிசர்வேஷன் தேவையில்லை. இந்தப் பாஸ்களுக்கான ரெயில் பிளானர் ஆப்பில் வண்டியைத் தொட்டால் கட்டாயமா என்று காட்டும்.

2. பாஸ் என்றால் பிரான்ஸை முதலில் முடியுங்கள்

இந்த இடம் பிடிபட எனக்கு நேரமானது. டிஜிவியிலும் யூரோஸ்டாரிலும் பாஸ்காரர்களுக்கென்று ஒரு கோட்டா உண்டு. அது தீர்ந்தபின் அதே வண்டியில் முழு விலை டிக்கெட் விற்பனையில் இருக்கும், ஆனால் பாஸுக்கு சீட் கிடைக்காது. தளத்தில் வண்டி தெரிகிறதே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். தேதி முடிவானதும், பதிவு திறந்த உடனே இவற்றை வாங்கிவிடுங்கள். ஹோட்டலைக்கூட அதற்கப்புறம் பார்க்கலாம்.

கோட்டா முடிந்துவிட்டதா? காலை முதல் வண்டி, நடுப்பகல் வண்டி என்று நேரத்தை மாற்றித் தேடுங்கள். பாரிஸ்–ஸ்ட்ராஸ்பூர்க் போன்ற தடத்தில் டிஇஆர் என்ற வட்டார வண்டியும் ஓடுகிறது. டிஜிவி இரண்டு மணி நேரத்துக்குள் போகிற தூரத்துக்கு இது நாலரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், ஆனால் சீட் பதிவு வேண்டாம்.

3. சீட் கட்டாயமில்லாத வண்டிகளில் எப்போது?

வெள்ளி பிற்பகல், ஞாயிறு மாலை, விடுமுறை நாட்கள், குழந்தைகளோ பெரியவர்களோ கூட வரும்போது: தயங்காமல் ரிசர்வ் செய்யுங்கள். செவ்வாய் காலை பதினொரு மணி வண்டிக்கு நான் செய்யமாட்டேன். ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் ஆப் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்றும் காட்டுகிறது. அட்டவணை பார்க்க எனக்கு அதுதான் பிடித்தது. சீட் மட்டும் வாங்க ஆஸ்திரிய ரயில்வேயின் தளத்தைப் பரிந்துரைப்பேன், குழப்பமில்லாமல் இருக்கிறது.

ஐசிஇயில் சீட்டுக்கு மேலேயோ பக்கத்திலோ உள்ள திரையில் ஊர்ப்பெயர்கள் இருக்கும். "மன்ஹைம் – ஸ்டுட்கார்ட்" என்றிருந்தால் மன்ஹைம் வரும்வரை நீங்கள் தாராளமாக உட்காரலாம். பதிவு செய்தவர் ஏற வேண்டிய நிலையத்தில் வண்டி கிளம்பி 15 நிமிடத்துக்குள் வரவில்லை என்றால் அவர் உரிமை போய்விடும்.

வண்டி மாறும் பயணத்தில் நீண்ட பகுதிக்கு மட்டும் சீட் எடுங்கள். முதல் வண்டி தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், பாஸ் அதற்கடுத்த வண்டியிலும் செல்லும். ஆனால் வாங்கிய சீட் உங்களோடு அதற்கு மாறாது.

பின்சேர்க்கை

படித்தவர்கள் சிலர் சுவிஸ் பற்றிக் கேட்டார்கள். சூரிச்–மிலான் யூரோசிட்டியில் (நாடு விட்டு நாடு போகும் வண்டி) சுவிஸ் எல்லைக்குள் சீட் வேண்டாம், இத்தாலிக்குள் போவதென்றால் கட்டாயம். மலைக்காட்சிக்குப் பேர்போன பெர்னினா எக்ஸ்பிரஸின் பெரிய கண்ணாடிப் பெட்டிகளுக்கும் பதிவு கட்டாயம். ஆனால் செயின்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலியின் திரானோவுக்கு அதே தண்டவாளத்தில் சாதாரண வண்டிகளும் ஓடுகின்றன. அவற்றில் பாஸைக் காட்டி நேராக ஏறிக்கொள்ளலாம்.