எகிப்தியத் தெய்வங்களுக்குப் பீடம் வைக்கிறீர்களா? நான் பட்டதைக் கேளுங்கள்

போன மாதம் ஒரு தம்பி தன் பூஜை அலமாரியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். நடுவில் ஐசிஸ், பக்கத்தில் அனூபிஸ், அனூபிஸ் காலடியில் ஒரு மஞ்சள் மணிமாலை, ஒரு தேன் பாட்டில். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. பத்து வருடத்துக்கு முன் என் அலமாரியும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது. பெயரைத் தப்பாக உச்சரிப்பது, சிலையைத் தூசியோடு விடுவது எல்லாம் நாளடைவில் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிட்டு, மற்றத் தப்புகளைச் சொல்கிறேன்.

படையலை அழுக விடுவது

எடுத்துச் சாப்பிடுங்கள். பழைய எகிப்தியக் கோயில்களிலும் தெய்வம் ஏற்றுக்கொண்ட பிறகு ரொட்டியும் பீரும் பூசாரிகளுக்குத்தான் போயின. நைவேத்தியம் தெரிந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம், ஆனாலும் கேட்கிறார்கள்.

நேட்ரான்

அந்தப் பூசாரிகள் நேட்ரான் என்ற இயற்கை உப்பால் வாயையும் தூய்மை செய்துகொண்டார்கள். அதைப் படித்துவிட்டு நான் சலவைச் சோடா, ஆப்பச் சோடா, உப்பு மூன்றையும் கரைத்துக் கொப்பளித்தேன். நாக்கு இரண்டு நாள் எரிந்தது. சலவைச் சோடா வாய்க்கு ஆகாது. மற்ற இரண்டும் போதும்.

எல்லாம் ஆப்பிரிக்கா தானே என்று ஓஷுனையும் சேர்ப்பது

இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஓஷுன் மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களுடைய ஆற்றுத் தெய்வம். தம்பி படத்தில் இருந்த மஞ்சள் மணிமாலையும் தேனும் அவளுக்கு உரியவை.

எகிப்திய வழிபாடு அறுந்துபோன ஒன்று. கடைசியாகத் தேதி தெரிந்த படவெழுத்துக் கல்வெட்டு ஃபிலே கோயிலில் 394-ஆம் ஆண்டு வெட்டப்பட்டது. ஆறாம் நூற்றாண்டில், ஜஸ்டினியன் காலத்தில், அந்தக் கோயிலும் மூடப்பட்டது. இன்று ஐசிஸை ஆசெத் என்று பழைய பெயரால் அழைத்து வணங்குகிறவர்கள் கோயில் சுவர்களையும் பாப்பிரஸ் சுருள்களையும் வைத்துச் சடங்குகளைத் திரும்பக் கட்டியவர்கள். கெமெட்டிக் ஆர்த்தடாக்ஸி என்ற அமைப்பே 1988-இல் அமெரிக்காவில் தொடங்கியதுதான். அங்கே நீங்களாகப் படித்து, நீங்களாகத் தொடங்கலாம். குறுக்கே நிற்க வழிவழி வந்த பூசாரி யாரும் இல்லை.

ஓஷுன் அப்படியல்ல. நைஜீரியாவின் ஒசோக்போவில் அவளுடைய ஆற்றங்கரையில் இன்றும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் திருவிழா நடக்கிறது. அங்கேயுள்ள அவளுடைய புனிதத் தோப்பு 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட யொரூபா மக்கள் அவளைக் கியூபாவுக்கும் பிரேசிலுக்கும் கூடவே கொண்டுபோனார்கள். அப்படிக் கியூபாவில் வளர்ந்த லுக்குமி என்ற வழிபாட்டு மரபில் அந்த மணிமாலையைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ள முடியாது. சடங்கு செய்து, ஞானத்தாயோ ஞானத்தந்தையோ அணிவிக்க வேண்டும்.

நான் என்ன செய்தேன்? மாலையை இணையத்தில் வாங்கினேன். அப்புறம் வீடியோ அழைப்பிலேயே 'தீட்சை' தருவதாகச் சொன்ன ஒருவருக்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன். வந்தது ஒரு பிடிஎஃப் சான்றிதழ். சில மாதம் கழித்து, கியூபாவில் பிறந்த ஒரு மூத்த அம்மா என் கழுத்தைப் பார்த்து, "இதை உனக்கு யார் போட்டுவிட்டது?" என்று கேட்டார். விலையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தேனை ருசி பார்த்துத்தான் வைக்கிறாயா?" என்றார். ஓஷுனுக்கு ஒருமுறை தேனில் நஞ்சு வைக்கப் பார்த்தார்களாம். அதனால் படைப்பவர் முதலில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துக் காட்ட வேண்டும். நான் மாதக்கணக்கில் மூடியைத் திறந்து ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. "தெய்வம் கூப்பிட்டது, வந்தேன், நடுவில் நீ யார்?" என்று அன்று எதிர்வாதம் வேறு செய்தேன். வீட்டுக்காரர்கள் உள்ளே இருக்கும்போதே கொல்லைப்புறமாக நுழைந்துவிட்டு, அழைப்பு வந்தது என்று சொன்ன கதை. தம்பியும் எனக்கு அதே வரியைத்தான் பதிலாக அனுப்பியிருக்கிறார்.

புத்தாண்டுத் தேதியைக் காப்பியடிப்பது

எகிப்தியப் புத்தாண்டுக்குக் கணக்கு, சிரியஸ் என்ற விண்மீன் விடியலுக்கு முன் மறுபடி தென்படும் நாள். அது ஊருக்கு ஊர் மாறும். கெய்ரோவின் தேதி லண்டனுக்கு ஆகாது.

மூடிய அலமாரிக்குள் விளக்கு

வேண்டாம். என்னுடையதன் மேல்தட்டு இன்னும் கருப்பாகத்தான் இருக்கிறது.