ஹெட்ஃபோனுக்கு டாக், ஆம்ப் வாங்கப் போறீங்களா? கார்டை எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டுருங்க

மொதல்ல நான் பண்ண கூத்தச் சொல்லிடறேன். வீடு சேலம் அம்மாப்பேட்டைல, சுவத்துக்கு அந்தப் பக்கம் விசைத்தறி, காலைல ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் தடதடன்னு ஓடிட்டே இருக்கும். எங்கிட்ட இருந்தது ஒரே ஒரு ஐஇஎம், அதாவது காதுக்குள்ள சொருகுற டைப் இயர்போன். அதுக்குப் போயி 32 ஓம்ல ஒன்றரை வாட் தள்ளுற டெஸ்க்டாப் ஆம்ப் ஒன்ன ஆன்லைன்ல வாங்கிட்டேன், வாட்ஸ் ஜாஸ்தின்னா சவுண்டு நல்லாருக்கும்னு ஒரு நெனப்பு. வந்து மாட்டுனா எடது காதுல சத்தமா கேக்குது, வலது காதுல கம்மியா கேக்குது. ஆம்ப் மேல சந்தேகமே வரல, காதுதான் போச்சுன்னு பயந்து டாக்டர்கிட்ட போனேன், அவரு காதக் கழுவி அழுக்கெடுத்து அனுப்புனாரு, வீட்டுக்கு வந்து மாட்டுனா மறுபடி அதேதான்.

ரெண்டு வாரம் கழிச்சு அதே செட்ட எடுத்துக்கிட்டு ஏற்காட்டுல நாகலூர் பக்கம் இருக்கிற பெரியம்மா பையன் வீட்டுக்குப் போனேன். காப்பித் தோட்டத்துக்கு நடுவுல வீடு, ராத்திரி ஒம்பது மணிக்கு மேல ஒரு சத்தம் கிடையாது. அங்க வெச்சு மாட்டுனா பாட்டு ஓடாதப்பவே ‘உஸ்ஸ்ஸ்’னு ஒரு எரைச்சல். “ஏணா, இது கேஸ் லீக் மாதிரி கேக்குது, இதுக்கா இத்தன காசு குடுத்த?”ன்னு கேட்டான் அவன். அம்மாப்பேட்டைல தறிச் சத்தத்துல அது எனக்குக் கேக்கவே இல்ல, அவ்ளோதான்.

அந்த ரெண்டு பிரச்சனைக்கும் காரணம் ஒண்ணுதான், அந்த ஐஇஎம்முக்குக் கொஞ்சமும் ஒத்துவராத ஆம்ப். எப்படின்னு போகப் போகச் சொல்றேன்.

ஸ்டெப் 1: எது என்ன வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கங்க

டாக்ங்கிறது ஃபைல்ல இருக்கிற நம்பரையெல்லாம் கரண்டு சிக்னலா மாத்துற சாமான். ஆம்ப்ங்கிறது அந்தச் சிக்னலுக்கு ஹெட்ஃபோன ஆட்டுற அளவுக்குத் தெம்பு குடுக்கிறது. உங்க லேப்டாப்புல ஹெட்ஃபோன் ஓட்டை இருந்தா உள்ள ரெண்டுமே ஏற்கனவே இருக்கு. கடைல டாக் தனியா, ஆம்ப் தனியா, ரெண்டும் சேந்து ஒரே டப்பாவா, மூணு விதமாவும் கெடைக்கும். புதுசா வர்றவங்க ஒரே டப்பாவா வாங்குங்க, கேபிள் மிச்சம், எடம் மிச்சம்.

ஸ்டெப் 2: ஹெட்ஃபோன மொதல்ல முடிவு பண்ணுங்க

இத மாத்திப் பண்றவங்கதான் ஜாஸ்தி. பாட்டு கேக்குற விதத்துல நூத்துக்குத் தொண்ணூறு மாத்தம் ஹெட்ஃபோன்லதான் வருது, அதனால காசையும் அங்கதான் கொட்டணும். வாங்கும்போது எங்க ஒக்காந்து கேக்கப் போறீங்கன்னும் யோசிங்க. டிடி 990 மாதிரி தொறந்த டைப்ப எங்க வீட்டுல பகல்ல மாட்டுனா பாட்டோட சேந்து தறியும் ஓடும். எனக்கு மூடுன டைப்தான் சரி. ஏற்காட்டுக்காரனுக்கு அந்தக் கவலையே இல்ல.

ஸ்டெப் 3: ரெண்டு நம்பர் எடுத்து கணக்கு போடுங்க

ஹெட்ஃபோன் பெட்டிலயோ சைட்டுலயோ ரெண்டு நம்பர் இருக்கும். ஒண்ணு ஓம், அதாவது கரண்டுக்கு எவ்ளோ தடைங்கிறது, இன்னொண்ணு சென்சிட்டிவிட்டி, அதாவது குடுக்கிற பவருக்கு எவ்ளோ சத்தம் வருதுங்கிறது, இத டெசிபல்ல போட்டிருப்பாங்க. இதுல ஒரு குழி இருக்கு. சில கம்பெனி ஒரு மில்லிவாட்டுக்கு எத்தன டெசிபல்னு போடுவாங்க, சில கம்பெனி ஒரு வோல்ட்டுக்கு எத்தனன்னு போடுவாங்க. 32 ஓம் ஹெட்ஃபோன்ல ஒரு வோல்ட்னா 31 மில்லிவாட், அதனால வோல்ட் கணக்குல போட்டா அதே ஹெட்ஃபோனுக்கு 15 டெசிபல் கூடக் காட்டும். எந்தக் கணக்குன்னு பாக்காம ரெண்டு மாடல கம்பேர் பண்ணாதீங்க.

இப்ப டார்கெட். பாட்டுல வர்ற உச்சகட்ட அடி, மேளத்துல ஓங்கி ஒரு தட்டு தட்டுறாங்கல்ல அந்த மாதிரி எடம், 110 டெசிபல் வரைக்கும் போகணும்னு வெச்சுக்கலாம், அதுவே தாராளம். இது அந்த ஒரு நொடிக்குத்தான், முழுப் பாட்டும் அந்தச் சத்தத்துல கேக்கச் சொல்லல. அமெரிக்கால நயாஷ்னு தொழிலாளர் உடல்நலத்துக்கான அரசு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, அவங்க கணக்குப்படி 85 டெசிபல்ல ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் லிமிட், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 94னா ஒரே மணி நேரம்.

இனி கணக்கு. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பவர் பத்து மடங்கு, 3 டெசிபலுக்கு ரெண்டு மடங்கு, இத மட்டும் ஞாபகம் வெச்சா போதும். கீழ வர்ற மூணு ஹெட்ஃபோனுக்கும் டெசிபல் ஒரு மில்லிவாட் கணக்குல.

ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ், 38 ஓம், 99 டெசிபல். 110க்கு இன்னும் 11 டெசிபல் வேணும், அதாவது 12.6 மில்லிவாட். வோல்ட்டா பாத்தா 0.7, கரண்டு 18 மில்லிஆம்பியர். இது ஓமலூர் ரோட்டுல வண்டி ஓட்டுற மாதிரி, எந்த வண்டியும் போகும்.

பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ 250 ஓம், 96 டெசிபல். 14 டெசிபல் பாக்கி, 25 மில்லிவாட். பவர் கொஞ்சம்தான், ஆனா ஓம் ஜாஸ்திங்கிறதால 2.5 வோல்ட் வேணும், கரண்டு வெறும் 10 மில்லிஆம்பியர்.

ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ, இது ப்ளேனார் டைப், அதாவது கூம்புக்குப் பதிலா தட்டையான மெல்லிசு ஷீட் ஆடுற வகை, 32 ஓம், 91 டெசிபல். 19 டெசிபல் பாக்கி, 79 மில்லிவாட். வோல்ட் 1.6 தான், ஆனா கரண்டு 50 மில்லிஆம்பியர். ஓம் கம்மியா இருக்கேன்னு ஈசியா ஓடும்னு நெனச்சீங்கன்னா ஏமாந்துருவீங்க, மூணுல இதுக்குத்தான் பவர் ஜாஸ்தி. ஏற்காடு ஏறுற வண்டி இதுதான், இருபது கொண்டை ஊசி வளைவும் உண்டு.

ஆனா அந்தக் கடைசி நம்பரப் பாருங்க. 79 மில்லிவாட். நான் வாங்குனது 1500 மில்லிவாட், அதும் ஒரு ஐஇஎம்முக்கு! அதுக்கு ஒரு மில்லிவாட்டே ஜாஸ்தி.

ஸ்டெப் 4: மொதல்ல ஒரு டாங்கிள்ல ட்ரை பண்ணுங்க

விரல் நீளத்துக்கு யுஎஸ்பி-சி டாங்கிள்னு ஒண்ணு விக்கிறாங்கல்ல, அதுக்குள்ளயும் டாக், ஆம்ப் ரெண்டும் இருக்கு. ஆப்பிள் டாங்கிள்ல ஏ2049ங்கிற மாடல் 1 வோல்ட் வரைக்கும் குடுக்கும், ஐரோப்பாவுக்குப் போற ஏ2155 அதுல பாதிதான், வாங்கும்போது நம்பரப் பாத்துக்கங்க. ஆண்ட்ராய்டு போன்ல சொருகுனா சத்தம் கம்மியா வரும், அது தெரிஞ்ச விசயம்தான், லேப்டாப்புல மாட்டி டெஸ்ட் பண்ணுங்க.

1 வோல்ட்டுக்குக் கணக்கு போட்டா எம்50எக்ஸ் 110ஐத் தாண்டிரும். டிடி 990, 102 வரைக்கும் போகும். நெறைய பேருக்கு அதுவே போதும். அப்ப பெரிய டப்பா எதுக்குங்க? எனக்குத் தெரிஞ்சு நாலு காரணம்தான் நியாயமானது. ஈக்வலைசர் போடுறவங்களுக்கு வேணும், ஏன்னா பேஸ 6 டெசிபல் ஏத்துனா மொத்த சத்தத்தையும் 6 டெசிபல் எறக்கி வெக்கணும், இல்லன்னா கிளிப் ஆகும், அதாவது சிக்னலோட உச்சி வெட்டுப்பட்டு கரகரக்கும், அந்த 6ஐ ஆம்ப்தான் திருப்பிக் குடுக்கணும். பழைய நாதஸ்வரக் கச்சேரி ரெக்கார்டிங் மாதிரி கம்மி சத்தத்துல பதிஞ்சத கேக்குறவங்களுக்கு வேணும், இப்ப வர்ற பாட்டெல்லாம் அமுக்கி அமுக்கி சத்தமாத்தான் வருது, அதுக்குத் தேவையில்ல. லேப்டாப் ஓட்டைல கொர்ருன்னு எரைச்சல் வருதுன்னா வேணும். நாலாவது, மேசை மேல கைக்கு அடக்கமா ஒரு வால்யூம் குமிழ் வேணும்னு ஆசை. அதுவும் காரணம்தான், யாரும் வெக்கப்பட வேண்டாம்.

ஸ்டெப் 5: டப்பாவுல என்னென்ன பாக்கணும்

இங்கதான் நேரம் எடுத்துக்கங்க. வாட்ஸ பாக்குறது கடைசி.

அவுட்புட் இம்பிடன்ஸ். ஆம்புக்குள்ளயே இருக்கிற ஓம்தான் இது. உங்க ஹெட்ஃபோன் ஓம்ல எட்டுல ஒரு பங்குக்கும் கீழ இருக்கணும், 32 ஓமுக்கு 4க்குள்ள, 16 ஓம் ஐஇஎம்முக்கு 2க்குள்ள. மேல போனா என்னாகும்னா, ஒரே ஐஇஎம்முக்குள்ள நாலஞ்சு டிரைவர், அதாவது குட்டி ஸ்பீக்கர், வெச்ச மாடல்ல ஓம் ஒவ்வொரு சுருதிக்கும் ஒவ்வொரு மாதிரி மாறும், அதுக்கேத்த மாதிரி எங்கயோ சத்தம் ஏறும், எங்கயோ எறங்கும், பாட்டோட நெறமே மாறிரும். இப்ப வர்ற நல்ல டப்பா எல்லாமே 1 ஓம் பக்கத்துலதான் இருக்கு. பழைய மிக்சர், ஸ்டீரியோ ஆம்ப்ல இருக்கிற ஹெட்ஃபோன் ஓட்டைலதான் இது மோசமா இருக்கும்.

நாய்ஸ். நாகலூர்ல கேட்ட ‘உஸ்’ இதுதான். ஸ்பெக்ல மைக்ரோவோல்ட்ல போட்டிருப்பாங்க. ஒரு வோல்ட்டுக்கு 120 டெசிபல் குடுக்கிற ஐஇஎம்ல, 50 மைக்ரோவோல்ட் நாய்ஸ் இருக்கிற ஆம்ப மாட்டுனா 34 டெசிபல்ல எரைச்சல் வரும், அமைதியான ரூம்ல நல்லாவே கேக்கும். 5 மைக்ரோவோல்ட்னா 14 டெசிபல், ஏற்காட்டு ராத்திரிலகூட தேடணும்.

கெயின் சுவிட்ச். ஆம்ப் சிக்னல எத்தன மடங்கு ஏத்துதுங்கிறதுதான் கெயின். லோ, ஹைன்னு ரெண்டாவது இருக்கணும். லோல வெச்சே ஆரம்பிங்க, சத்தம் பத்தலன்னா மட்டும் ஹை.

வால்யூம் குமிழ். என் எடது காது கதைக்கு இப்ப வர்றேன். சாதாரண குமிழுக்குள்ள ரெண்டு காதுக்கும் தனித்தனியா ரெண்டு ரெசிஸ்டர் பட்டை இருக்கு, ஆரம்பத்துல, அந்த மொதக் கால் சுத்துல, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சரியா பொருந்தாது. ஆம்ப்ல பவர் ஜாஸ்தின்னா ஐஇஎம்முக்கு அந்த ஆரம்பத்துலயே சத்தம் போதும்னு ஆயிரும், அதத் தாண்டித் திருப்பவே முடியாது, ஒரு காது கூட, ஒரு காது கம்மின்னே கேட்டுட்டு இருக்கணும். குமிழ் பாதி வரைக்கும் திருப்பிக் கேக்குற அளவுக்கு ஆம்ப் இருந்தா இந்தத் தொல்ல வராது. டிஜிட்டல் வால்யூம் இருக்கிற டப்பாவுலயும் வராது. டாக்டர் ஃபீஸ் மிச்சம்.

ஜாக். 3.5 எம்எம் தெரியும், 6.35ங்கிறது அந்தத் தடிப் பின், அடாப்டர் போட்டா ரெண்டும் ஒண்ணுதான். 4.4 எம்எம் பேலன்ஸ்டுங்கிறது ரெண்டு காதுக்கும் தனித்தனி ஆம்ப் ஜோடி, வோல்ட் ரெண்டு மடங்கு வரைக்கும் கெடைக்கும், அதுக்கு கேபிள மாத்துற வசதி இருக்கிற ஹெட்ஃபோன் வேணும். சவுண்டு தெய்வீகமா மாறும்னு சொல்றத நம்பாதீங்க. ஒண்ணு மட்டும் உஷார், பேலன்ஸ்டு ஓட்டைல சாதா 3.5 ஹெட்ஃபோன மாட்டுறதுக்கு அடாப்டர் தேடாதீங்க, ரெண்டு காதோட மைனஸும் ஒண்ணா சேந்து ஆம்ப் ஷார்ட் ஆகும்.

பவர் அடாப்டர். அமெரிக்கால இருந்து மச்சான் கொண்டு வர்றாரு, சீப்பா கெடைக்குதுன்னு வாங்குறவங்க அடாப்டர்ல 100-240ன்னு போட்டிருக்கான்னு பாருங்க. வெறும் 120ன்னு இருந்தா நம்ம 230ல மாட்டுன அடுத்த நிமிசம் புகைதான்.

ஸ்டெப் 6: சிப் பேரு, ஹை-ரெஸ், இதுல ரொம்ப மண்டைய ஒடைக்காதீங்க

டாக் சிப் செய்யுற கம்பெனில ஈஎஸ்எஸ், ஏகேஎம், சிரஸ் லாஜிக்னு மூணு பேரு அடிக்கடி கண்ணுல படும். 2020 அக்டோபர்ல ஜப்பான்ல நோபியோகா ஊர்ல ஏகேஎம் ஃபேக்டரி தீப்பிடிச்சு சிப்பே கெடைக்காம போச்சு, நெறைய கம்பெனி டிசைனயே மாத்தி வேற சிப் போட்டாங்க, அதுக்காக யாரு காதும் கெட்டுப் போகல. சிடிக்கு 1982லயே வந்த 16 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸ், 22 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் முழுசா பிடிச்சிரும், மனுசக் காது 20க்கு மேல கேக்காது. ஹை-ரெஸ், அதாவது சிடியவிட பெரிய நம்பர், 768 கிலோஹெர்ட்ஸ்னு பெட்டில எழுதியிருந்தா எழுதிட்டுப் போகட்டும்.

ஸ்டெப் 7: ரெண்டு டப்பாவ கம்பேர் பண்றப்ப சத்தத்த சமமா வைங்க

கொஞ்சம் சத்தம் கூட இருக்கிறதத்தான் நம்ம மண்டை நல்லாருக்குன்னு சொல்லும். அதனால 60 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ண ஓட்டி, ஹெட்ஃபோன் மாட்டுனபடியே மல்டிமீட்டர்ல ஏசி வோல்ட் பாத்து ரெண்டையும் ஒண்ணா வெச்சுட்டு அப்பறம் கேளுங்க. எறநூறு ரூவா மீட்டர் ஆகாது, 2 வோல்ட் ஏசி ரேஞ்ச் இருக்கிறது வேணும். மாத்துற வேலைய தம்பிகிட்ட குடுத்துட்டு நீங்க திரும்பி ஒக்காந்துக்கங்க. நான் பண்ணேன், டாங்கிளையும் டப்பாவையும் பிரிச்சுச் சொல்ல முடியல. கொஞ்சம் அவமானமாத்தான் இருந்துச்சு.

ஸ்டெப் 8: மாட்டுறது

குமிழ ஜீரோல வெச்சுட்டு, யுஎஸ்பி மாட்டி, விண்டோஸ் சவுண்டு செட்டிங்ஸ்ல புது டிவைஸ செலக்ட் பண்ணி, 24 பிட் 48000 வெச்சுருங்க. 2017க்கு அப்பறம் வந்த விண்டோஸ் 10, இல்ல மேக், லினக்ஸ்னா பெரும்பாலும் தனியா டிரைவர் சாஃப்ட்வேர் தேவையில்ல. கம்ப்யூட்டர் வால்யூம் 100, மிச்சத்த குமிழ்ல பாத்துக்கங்க.

மாட்டுனதும் ‘ம்ம்ம்’னு ஹம் வந்தா லேப்டாப் சார்ஜர கழட்டிப் பாருங்க. நின்னுச்சுன்னா கிரவுண்டு லூப், அதாவது எர்த் ரெண்டு வழியா இணைஞ்சு அதுல சுத்துற கரண்டு. எல்லாத்தையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்ல மாட்டுங்க, அப்பவும் போகலன்னா, கம்ப்யூட்டர்ல ஆப்டிகல் இருந்தா அந்தக் கேபிள்ல குடுங்க, அதுல வெளிச்சம்தான் போகுது, கரண்டு தொடர்பே கிடையாது. எர்த் பின்ன உடைச்சுப் போடுற வேலை மட்டும் வேண்டாம், பழைய வீட்டுல எர்த்தே ஒழுங்கா இருக்காது, எலக்ட்ரீசியனக் கூப்பிட்டு மொதல்ல அதச் சரி பண்ணுங்க. மாசாந்திர பராமரிப்புன்னு கரண்டு போற அன்னைக்கு மட்டும் கொர்ருன்னு வருதுன்னா இன்வர்ட்டர் ஸ்கொயர் வேவ் டைப்பா இருக்கும், டப்பா மேல தப்பில்ல.

என் ஒன்றரை வாட் டப்பா இப்ப நாகலூர்லதான் இருக்கு, அவன் எச்இ400எஸ்இ வாங்கிட்டான், லோ கெயின்லயே குமிழ் பாதி வரைக்கும் போகுது, ‘உஸ்’ இல்ல. நான் டாங்கிளோட இருக்கேன். அவனுக்கு ஒரே ஒரு விசயம்தான் சொல்லியிருக்கேன், மலைல இடி இடிக்க ஆரம்பிச்சா சுவிட்ச ஆஃப் பண்ணா பத்தாது, அடாப்டர பிளக்குல இருந்தே உருவி வெச்சுரு, யுஎஸ்பி கேபிளையும் சேத்துன்னு.